ஒழுகல்காரரின் வண்டி

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கியிலும் ஆஸ்பத்திரியிலும் மட்டும் புழங்கியது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ஒழுகல்காரர். மொட்டைமாடி ஒழுகினாலும், குளியலறைச் சுவரில் ஈரம் பூத்தாலும், தண்ணீர்த் தொட்டி கசிந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். வந்ததும் சுவரை நகத்தால் சுரண்டிப் பார்ப்பார், உள்ளங்கையை ஒட்டவைத்துக் கண்ணை மூடுவார், பிறகு "இங்கதான்" என்பார். அவர் அடைத்த இடத்தில் மறுபடி ஒரு சொட்டு வந்ததாக யாரும் சொன்னதில்லை. அந்தப் பெருமை அவருக்குக் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. ஓட்டை என்று ஒன்றைக் கண்டுவிட்டால் அவர் கை சும்மா இருக்காது.

வீட்டிலும் அதே கைதான். அடுப்படிச் சுவரில் காற்று வர ஒரு சின்ன ஓட்டை. அது வழியாகச் சாரல் அடிக்கிறது என்று கல்யாணமான புதிதில் அதை அடைத்தார். மனைவி ஸ்பூன் காம்பால் குத்திக் குத்தித் திறந்தாள். "புகை எங்கங்க போகும், என் மூக்குக்குள்ளயா?" என்றாள். அடுத்த மழைக்கு மறுபடி அடைத்தார், அவள் மறுபடி குத்தினாள். அவர்களுக்குள் இருந்த ஒரே சண்டை அதுதான். பிள்ளை பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகிப் போன பிறகும் அது ஓயவில்லை. அவர் அடைப்பார், அவள் திறப்பாள். ஸ்பூன் காம்பு வளைந்தே போயிற்று.

ஒரு காய்ச்சலில் அவள் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பின் வந்த முதல் மழையில் ஒழுகல்காரர் அந்த ஓட்டையை அடைத்தார். இந்த முறை யாரும் திறக்கவில்லை. சுவரில் மெல்லக் கறுப்பு படர்ந்தது, அடுப்படியில் ஒரு புழுக்க வாடை நின்றது. அவர் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்துகொண்டார்.

மகள் தூரத்து ஊரில் இருந்தாள். "எங்ககூட வந்துடுங்கப்பா" என்று எத்தனையோ முறை கூப்பிட்டாள். "வேலை இருக்கேம்மா" என்பார். சொன்னதை மெய்யாக்கவோ என்னவோ, கையில் இருந்ததைப் போட்டு ஒரு புது பிக்கப் வண்டி வாங்கினார். வெள்ளை நிறம். அதற்கு முன்பு வாடகை வண்டியில்தான் மணலும் டப்பாக்களும் போகும்.

வண்டி வந்த அன்றே அதன் அடியில் படுத்துப் பார்த்தார். படுத்தவர் திடுக்கிட்டார். சேஸிஸ் முழுக்க ஓட்டை. வண்டியின் முதுகெலும்புபோல முன்னும் பின்னும் ஓடும் அந்த இரண்டு இரும்புச் சட்டங்களிலும், அடிப்பக்கம் வரிசையாக விரல் நுழையும் ஓட்டைகள். "இவ்வளவு விலை வாங்கிட்டு இப்படியா விடுவாங்க" என்று முணுமுணுத்தபடி எழுந்து போய், சிலிக்கான் பசையையும் பட்டி மாவையும் எடுத்து வந்தார். வண்டியை நன்றாகக் கழுவி, ஒன்றுவிடாமல் எல்லா ஓட்டைகளையும் அடைத்தார். மேலே தார் பூச்சு இரண்டு கை கொடுத்தார். இனிமேல் ஒரு பொட்டுத் தண்ணீர் உள்ளே போகாது என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்.

வண்டிதான் அவருக்குப் பேச்சுத் துணையாயிற்று. காலையில் சாவி போடும்போது "என்ன, எழுந்தாச்சா?" என்பார். சிக்னலில் நிற்கும்போது மாடி வீட்டுக்காரியின் கஞ்சத்தனத்தைப் பற்றிச் சொல்வார். சாயங்காலம் வாசலில் நிறுத்திக் குழாயைப் பிடித்து, மேலிருந்து கீழ்வரை குளிப்பாட்டுவார். தினமும். அவர் சீட்டில் இருந்த பிளாஸ்டிக் உறை எப்போதோ கிழிந்து போய்விட்டது. பக்கத்துச் சீட்டில் அது இன்னும் பளபளவென்று அப்படியே இருந்தது. அதில் உட்கார ஆள் இல்லை. ஒருமுறை அதைக் கழற்றக் கை வைத்தார், பிறகு விட்டுவிட்டார்.

மகள் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள். சாப்பிட்டீங்களா என்றால் ஆச்சு. தூங்கினீங்களா என்றால் தூங்கினேன். எப்படி இருக்கீங்க என்றால் நல்லா இருக்கேன். தொழிலில் எப்படியோ பேச்சிலும் அப்படித்தான், ஒரு சொட்டு வெளியே வராது. வைத்துவிட்ட பிறகு போனைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருப்பார். அன்றைக்கு முழுவதும் வேறு குரல் கேட்கப்போவதில்லை என்பது அவருக்குத் தெரியும்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் சொன்னாள்: "அப்பா, நாங்க வீடு மாத்துறோம். அடுத்த மாசம். உங்க வண்டிய எடுத்துட்டு வர முடியுமா? சாமான் ஏத்தணும்."

அம்மா போன பிறகு அவள் அவரிடம் கேட்ட முதல் உதவி. ஒழுகல்காரருக்குக் கால் தரையில் பாவவில்லை. "ஏன் முடியாது? பீரோ, கட்டில், ஃபிரிட்ஜ் எல்லாத்தையும் நானே கட்டி ஏத்துறேன். நீ ஒரு துரும்பத் தொடவேணாம்" என்றார். மறுநாளே புதுக் கயிறு வாங்கினார். தார்ப்பாய் வாங்கி மடித்தார், மடிப்பு சரியில்லை என்று பிரித்து மறுபடி மடித்தார். பேத்தியின் பொம்மைகளுக்கு முன்சீட்டில் இடம் விட வேண்டும் என்றெல்லாம் வண்டியிடம் சொல்லி வைத்தார்.

அந்த வாரம்தான் வாசல் சிமெண்டில் பழுப்பாக ஒரு கறை கண்ணில் பட்டது. வண்டிக்கு அடியில். தேநீர் சிந்தியதுபோல. குனிந்து பார்த்தால் சேஸிஸின் ஒரு மூட்டிலிருந்து சொட்டு சொட்டாகக் கசிந்துகொண்டிருந்தது. ஒழுகல்காரர் என்ன செய்வார்? அடைத்தார். இரண்டு நாளில் ஒரு முழம் தள்ளி இன்னொரு கறை. அதையும் அடைத்தார். மூன்றாவது கறை வந்ததும் அதன்மேல் ஒரு சாக்கைப் போட்டு மூடினார். ஊரார் ஒழுகலையெல்லாம் நிறுத்தியவனின் சொந்த வண்டி ஒழுகுகிறது என்று வெளியே தெரிந்தால் மானம் போகும்.

ஷோரூமுக்குப் போனார். டை கட்டிய ஒருவர் கீழே குனிந்து பார்த்தார். "இந்தத் தார் நாங்க போட்டது இல்லையே சார். வெளியில பூசியிருந்தா கம்பெனி பொறுப்பு இல்ல" என்று கைகழுவிவிட்டுப் போனார்.

கடைசியில் சோடாபுட்டியிடம் போனார். கண்ணாடித் தடிமனால் அந்த மெக்கானிக்குக்கு வந்த பெயர் அது. ஆள் அதிகம் பேசமாட்டார், பேசினால் ஒளிவுமறைவு இருக்காது. வண்டியை மேலே தூக்கி நிறுத்தி, சுத்தியலால் சட்டத்தைத் தட்டிக்கொண்டே வந்தார். டங், டங், டங். பின்சக்கரத்துக்குக் கிட்டே வந்ததும் சத்தம் மாறியது. ஈரத் துணியில் அடித்ததுபோல தொப் என்றது. அந்த இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினார். அது உள்ளே போனது.

வண்டி வாங்கி மூன்று வருஷம்கூட ஆகவில்லை.

"இந்த ஓட்டையெல்லாம் யாரு அடைச்சது?" என்றார் சோடாபுட்டி.

"நான்தான்."

"எதுக்கு?"

"தண்ணி உள்ள போகக்கூடாதுன்னு."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "அண்ணே, தண்ணி எப்படியும் உள்ள போகும். மேல போல்ட் இருக்கு, இடுக்கு இருக்கு, அது வழியா போயிடும். கீழ இருக்கிற ஓட்டை, போன தண்ணி வெளிய வர்றதுக்கு. நீங்க தினம் கழுவுவீங்களா?"

"தினம்."

"அப்ப தினமும் ஊத்தி ஊத்தி உள்ள சேத்து வச்சிருக்கீங்க."

அவர் ஒரு அடைப்பைக் கத்தியால் நெம்பி எடுத்தார். பழுப்புத் தண்ணீர் கொட்டியது. வாளி பிடித்தார்கள். துரு செதில் செதிலாகத் தண்ணீரோடு விழுந்தது. நின்றுவிடும் நின்றுவிடும் என்று ஒழுகல்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், வாளிதான் நிறைந்தது. இவ்வளவையும் சுமந்துகொண்டா இத்தனை நாள் என்னோடு ஓடினாய் என்று மனசுக்குள் வண்டியைக் கேட்டார்.

"வெட்டி எடுத்துப் புதுத் தகடு வச்சு வெல்டு பண்ணணும். உள்ள கழுவிக் காய விடணும். நாளாகும்" என்றார் சோடாபுட்டி. "அதுவரைக்கும் பாரம் ஏத்தாதீங்க."

"பொண்ணும் பேத்தியும் வீடு மாத்துறாங்கப்பா. ஒரே ஒரு நடை. மெதுவா ஓட்டிட்டுப் போயிட்டு வந்துடுறேன்."

"முன்னாடி பேத்திய உக்கார வச்சுக்குவீங்கதானே? அப்புறம் உங்க இஷ்டம்."

ஒழுகல்காரர் வெறும் வண்டியை மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அன்று சாயங்காலம் குழாயைத் திறக்கவில்லை. தார் டப்பாவையும் பிரஷையும் எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் படுத்தார். ஸ்க்ரூடிரைவர் போன இடத்தைப் பார்த்தார். கொஞ்சம் பட்டி வைத்து மேலே ஒரு கை பூசினால் போதும், எந்தக் கண்ணுக்கும் தெரியாது. இதில் அவரை மிஞ்ச ஆளில்லை. போகாவிட்டால் என்ன ஆகும் என்றும் அவருக்குத் தெரியும். மகள் "பரவாயில்லப்பா" என்பாள். வேறு வண்டியில் சாமான் போகும். அவர் இந்த வீட்டிலேயே இருப்பார். அடுத்து அவள் என்ன கேட்கப்போகிறாள், எப்போது கேட்கப்போகிறாள்? கேட்காமலே போய்விடலாம். அந்தப் பயத்தில் பிரஷைத் தாரில் முக்கினார்.

தாரில் தோய்ந்த பிரஷ் அப்படியே நின்றது. பிளாஸ்டிக் உறை போட்ட அந்தச் சீட்டில் பேத்தி உட்கார்ந்திருப்பதாக ஒரு கணம் நினைத்துப் பார்த்துவிட்டார். பிரஷைக் கீழே வைத்தார். படுத்தபடியே சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார்.

"என்னப்பா, இன்னைக்கு ஞாயித்துக்கிழமை இல்லையே?" என்றாள் மகள். குரலில் பதற்றம்.

"வண்டி வராதும்மா."

"ஏன், என்ன ஆச்சு?"

சொன்னார். ஓட்டையை அடைத்தது, தண்ணீர் தேங்கியது, துரு பிடித்தது, வாளி நிறைந்தது எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் மகள் சிரித்தாள்.

"வண்டியிலயுமா அடைச்சீங்க? அம்மா இருந்திருந்தா ஸ்பூனத் தூக்கிட்டு வந்திருப்பாங்க."

அவருக்கும் சிரிப்பு வந்தது.

"வண்டி போனாப் போகட்டும்பா, நாங்க லாரி சொல்லியாச்சு" என்றாள்.

"அதுக்குள்ளயா? இப்பத்தானே சொன்னேன்."

"இல்லப்பா. அது முன்னாடியே சொல்லிட்டோம்."

ஒழுகல்காரர் வண்டியின் கறுத்த அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். கயிறும் தார்ப்பாயும் ஞாபகம் வந்தன. அவமானமாக இருந்தது. "அப்ப என் வண்டிய எதுக்கும்மா கேட்ட?"

"சும்மா வாங்கன்னு எத்தனை தடவ கூப்பிட்டிருக்கேன்? வந்தீங்களா? வேலைன்னு சொன்னாத்தான் வருவீங்கன்னு எனக்குத் தெரியாதா? அதான் வண்டிய கேட்டேன். எனக்கு நீங்க வந்தாப் போதும்." பிறகு வழக்கமாகக் கேட்பதைக் கேட்டாள். "நீங்க நல்லா இருக்கீங்கதானே?"

நல்லா இருக்கேன் என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"இல்லம்மா" என்றார். "நல்லா இல்ல. உங்கம்மா போனதுல இருந்து இந்த வீட்ல பேச ஆளில்ல. இந்த வண்டிகிட்டத்தான் பேசிட்டு இருந்தேன். இதுவும் இப்படி ஆயிடுச்சு."

இவ்வளவு நீளமாக அவர் தன்னைப் பற்றிப் பேசியதே இல்லை. கண்ணிலிருந்து வழிந்தது காதுக்குள் போயிற்று. துடைக்கக் கையில் தார்.

மகள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "நாளைக்குக் காலையில பஸ் ஏறுங்க. வெறுங்கையோட வாங்க. வீடு மாத்துற வரைக்கும் இருங்க, மெதுவா பேசலாம்" என்றாள்.

காலையில் வண்டியைச் சோடாபுட்டியிடம் விட்டுவிட்டு வந்து பையைக் கட்டினார். வெறுங்கை என்று சொல்லியிருந்தாலும் சிலிக்கான் குழல் ஒன்றை உள்ளே வைத்தார். புது வீடு, எங்கேயாவது ஒழுகாமலா இருக்கும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே தண்ணீர் குடிக்க அடுப்படிக்குள் போனவர், கறுத்த சுவருக்கு முன்னால் நின்றார். கரண்டிகளுக்கு நடுவே அந்த வளைந்த ஸ்பூன் கிடந்தது.

எடுத்துக் குத்தினார். அசையவில்லை. காம்பை இரண்டு கையாலும் பிடித்துக் குத்தினார். கொஞ்சம் பொடி உதிர்ந்தது. ஸ்டூல் போட்டு ஏறினார், முழங்கை வலிக்க வலிக்க நோண்டினார், புறங்கையில் தோல் உரிந்தது. பொத்தான் போட்ட சட்டை வியர்வையில் நனைந்தது. தான் செய்கிற வேலை இவ்வளவு கெட்டி என்று அவருக்கு அதுவரை தெரியாது. செய்து பணம் வாங்கியதோடு சரி, உடைத்துப் பார்த்ததில்லை.

ஒருவழியாகக் கடைசிக் கட்டி அந்தப் பக்கம் விழுந்தது. காற்று வந்தது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்தது அடுப்படிக்குள் தெளிவாகக் கேட்டது. ஸ்டூலில் நின்றபடி அவர் ஸ்பூனைப் பார்த்தார். ஒவ்வொரு மழைக்கும் அடுத்த நாள், அவர் வேலைக்குப் போன பிறகு, இந்தக் காம்பை வைத்துக்கொண்டு அவள் இப்படித்தான் நின்றிருக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், கை எப்படி வலித்திருக்கும் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை, சாயங்காலம் சிரித்துக்கொண்டே தேநீர் கொடுப்பாள்.

ஸ்பூனைக் கழுவித் துடைத்துப் பையில் வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தார்.