பாதியில் நின்ற கை

அரை மணி நேர உணவு இடைவேளையில் பதினோரு நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது. கேன்டீன் ஸ்டோர் ரூமில், எண்ணெய் டின்மேல் சாய்த்து வைத்திருந்த போனில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கீழே 'இணைக்கிறது' என்று எழுதியிருந்தது. லிஃப்ட் மெக்கானிக் பல்லைக் கடித்தான். இருபத்திரண்டாவது மாடியில் கதவு சிக்கி நின்ற லிஃப்டைக் காலையில்தான் இருபதே நிமிடத்தில் ஓடவைத்திருந்தான். அங்கே எது கெட்டாலும் தொட்டுப் பார்க்கலாம், கழற்றலாம், இரண்டு தட்டுத் தட்டலாம். இந்தச் சனியனில் எதைத் தட்டுவது?

அவன் வேலைக்கு வந்திருந்த இந்த நாட்டில் சாதாரண போன் பேச்சுக்குத் தடையில்லை. வீடியோ அழைப்புதான் வேலை செய்யாது. விபிஎன் போட்டு, வேறு நாட்டு சர்வர் ஒன்றின் வழியாகச் சுற்றிப் போனால்தான் வீட்டு முகம் தெரியும். மற்ற ஆட்கள், முகம் தெரியாவிட்டால் குரலை வைத்து ஒப்பேற்றிவிடுவார்கள். அவனுக்கு அந்த வழியும் கிடையாது. எட்டு வயது மகளுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவளோடு அவன் பேசுவதெல்லாம் கையால்தான்.

அவள் ஒன்பது நாளாகப் போன் பக்கமே வரவில்லை. கடைசியாகப் பேசியபோது, இந்த வருஷமும் லீவு கிடைக்கவில்லை என்று சொல்லியிருந்தான். அவள் அழுதாள். ஆள்காட்டி விரலால் தன் நெஞ்சைத் தொட்டு, புருவத்தைத் தூக்கினாள். அப்போ நான்? என்று அர்த்தம். அழ வேண்டாம் என்று சொல்ல வந்தான். அவர்கள் வீட்டுக் கைப்பேச்சில் 'வேண்டாம்' முதலில் வரும். உள்ளங்கையை விரித்து முன்னால் தள்ள வேண்டும். பிறகு கண்ணுக்குக் கீழே விரலை இழுத்தால் 'அழுகை'. உள்ளங்கை போனது. விரல் போய்ச் சேரவில்லை. படம் அங்கேயே உறைந்துவிட்டது. நாற்பது வினாடி திரை முழுக்க அப்பாவின் உள்ளங்கை மட்டும். நான்? என்று கேட்டவளுக்கு வேண்டாம் என்று பதில். அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்துவிட்டாள். அப்பாவின் கையைத் தன் கண்ணால் பார்த்தவள் அம்மாவின் கையை நம்புவாளா?

கரண்டியும் கையுமாக உள்ளே வந்தான் அவனுடைய அறைத் தோழன். கேன்டீனில் பரிமாறுகிற சர்வர். எந்த நேரத்தில் எந்த நாட்டு சர்வர் ஒழுங்காக ஓடும் என்பதும் அவனுக்குத்தான் அத்துப்படி. அதனால் அறையில் அவனுக்கு 'டபுள் சர்வர்' என்று பெயர்.

"எந்த நாடு போட்டிருக்க?"

"நம்ம ஊருதான்."

"அறிவிருக்கா உனக்கு? போன மாசமே படிச்சுப் படிச்சு சொன்னேன்ல!"

"வீட்டுக்குப் பேசணும்னா வீட்டுப் பக்கம் இருக்குற சர்வரைத்தானடா போடணும்?"

"எல்லாரும் அப்படி நெனைச்சுத்தான் அங்கேயே போய் முட்டிக்கிறானுங்க. பாரு, தொண்ணூத்தாறு சதவீதம் கூட்டம். நீ நிக்கிற எடத்துக்கு எது கிட்டக்க இருக்கு, எதுல கூட்டம் கம்மின்னு பாத்துப் போடு. மொதல்ல கம்பெனி வைஃபையை அணை. அது விபிஎன்னைக் கண்டாலே வெட்டி விட்டுடும். உன் சொந்த டேட்டாவுல போ."

வெளியே யாரோ தட்டைத் தட்டினார்கள். டபுள் சர்வர் ஓடினான். மெக்கானிக்குக் காது சூடானது. அப்படியானால் அன்றும் அந்தக் கையை நிறுத்தி வைத்தது இந்த நாடும் இல்லை, கம்பெனியும் இல்லை. சொன்ன பேச்சைக் கேட்காத அவனுடைய வீம்புதான். ஒன்பது நாளாக ஊரையெல்லாம் திட்டித் தீர்த்த வாயில் இப்போது தன்னைத் திட்ட வார்த்தை அகப்படவில்லை.

போன் அடித்தது. மனைவி, சாதாரண அழைப்பில்.

"என்னங்க, பெரும்பாடு பட்டு இவளை உக்கார வச்சிருக்கேன். சீக்கிரம் வாங்க. எழுந்து போயிட்டான்னா இனிமே என்னால ஆகாது."

"வர்றேன், வர்றேன். நான் என்ன இங்க வேடிக்கையா பாத்துக்கிட்டிருக்கேன்?"

குரல் அவ்வளவு துல்லியம். அடுப்படிக் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது. அந்தத் துல்லியத்தின்மேல் எரிச்சல் எரிச்சலாக வந்தது. யாருக்கு வேண்டும் இது?

வைஃபையை அணைத்தான். பக்கத்து நாட்டு சர்வர்களில் இருபது சதவீதக் கூட்டம் இருந்ததைத் தொட்டான். உடனே இணைந்தது. வீடியோ அழைப்பைப் போட்டான்.

பள்ளிச் சீருடையில், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாற்காலியில் மகள் உட்கார்ந்திருந்தாள். கண்கள் மூடியிருந்தன. இமைக்கிற நேரம் பார்த்துப் படம் நின்றுவிட்டது.

"நாசமாப் போக!"

துண்டித்தான். வேறு சர்வர். மறுபடி வட்டம், மறுபடி கடவுச்சொல், மறுபடி 'இணைக்கிறது'. நான்கு நிமிடம் விழுங்கிவிட்டுத் திரை திறந்தது. அதே நாற்காலி. அதே கைகள். அதே மூடிய கண்கள். போனைச் சுவரில் அடிக்கத்தான் தூக்கினான்.

அவள் தலைக்குப் பின்னால் சுவரில் காலண்டர் தாள் படபடத்தது.

போனைக் கிட்டக் கொண்டுவந்தான். மின்விசிறிக் காற்றில் தாள் தூக்கித் தூக்கி விழுந்துகொண்டிருந்தது. அவளுடைய நெற்றி முடி ஆடியது. படம் உறையவில்லை. ஒரு பொட்டுத் தடங்கல் இல்லை. மற்ற பிள்ளைகள் அப்பாவின் பேச்சு வேண்டாமென்றால் காதைப் பொத்திக்கொள்ளும். இவளுக்குக் கண்ணை மூடினால் போதும்.

"கண்ணைத் தொறடி!"

ஸ்டோர் ரூம் அதிரக் கத்தினான். வாசலில் டபுள் சர்வர் திகைத்து நின்றான்.

"யார்கிட்டங்க கத்துறீங்க?" என்று திரைக்கு வெளியிலிருந்து மனைவியின் குரல் வந்தது.

உதட்டை இறுக்கிக்கொண்டு, மோவாயைத் தூக்கிக்கொண்டு, வீம்பில் அப்பனை அப்படியே உரித்து வைத்திருந்தாள் மகள்.

மனைவியின் கை திரைக்குள் நீண்டு அவள் தோளைத் தொட்டது. அவள் தோளை உதறினாள். கைகளை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

வேலைக்குத் திரும்பச் சொல்லி மணி அடித்தது. மெக்கானிக் போனை மறுபடி டின்மேல் சாய்த்து, முகம் முழுவதும் தெரிகிற மாதிரி தள்ளி நின்றான். பழக்கத்தில் உள்ளங்கை விரிந்து மேலே எழுந்தது. பாதியில் அதை இழுத்துக்கொண்டான். அவள் எந்த நொடியில் கண்ணைத் திறப்பாளோ, தெரியாது. திறக்கிற அந்த நொடியில் கை எங்கே இருக்கும் என்பதுதான் எல்லாம்.

"டேய், மணி அடிச்சாச்சு, சூப்பர்வைசர் வர்றான்டா," என்றான் டபுள் சர்வர்.

மெக்கானிக் திரும்பவில்லை. கிரீஸ் படிந்த விரலைக் கண்ணுக்குக் கீழே வைத்து, உறைந்த படம் மாதிரி அசையாமல் நின்றான். அங்கே காலண்டர் தாள் தூக்கித் தூக்கி விழுந்தது. அவளுடைய இடது இமை மட்டும் லேசாகத் துடித்துக்கொண்டிருந்தது.