பேசக் கூடாத அறை

...போகட்டும், அவளுக்கு மதிய ரயில்தானே, இன்னும் நேரமிருக்கிறது, அதற்குள் இந்தச் சோதனையை முடித்துவிடலாம் என்று வெனியமின் அர்காதியெவிச் சுவர்த் துளையில் கண்ணைப் பதித்தார். அந்தப் பக்கம் மேசைமேல், தோல்வாரில் பூட்டப்பட்டு நின்றது புஷோக். ரொட்டித்தூள் கண்ணில் படாமலே, மணிச் சத்தத்துக்கு மட்டும் அந்த நாய்க்கு எச்சில் ஊற வேண்டும்... காலடியோ இருமலோ காதில் விழுந்தால் அதற்கும் ஊறித் தொலைக்கும், பட்ட பாடெல்லாம் பாழ். அதனால்தான் இந்த இரட்டைக் கதவு, கம்பளிக் காலணி, வாய்க்குப் பூட்டு. பீட்டர்ஸ்பர்க் முழுக்க இந்தச் சத்தமின்மைக்காகவே அவரைக் கொண்டாடியது. நாயை மேசையில் ஏற்றி இறக்குகிற ஃபெக்லா மட்டும், தூண்கூட எப்போதாவது விரிசல் விட்டுச் சத்தம் போடும், இவர் அதுவும் செய்யமாட்டார் என்பாள். அவருக்குச் சிரிப்புத்தான் வந்தது, அப்போதெல்லாம்...

காலையில் வீட்டில் மனைவி ஸினயிதா பயணப் பெட்டிமேல் உட்கார்ந்தாள், அவர் எதிரே நாற்காலியில். ரஷ்ய வழக்கப்படி பயணத்துக்கு முன் எல்லோரும் சற்றுநேரம் வாய்மூடி உட்கார வேண்டுமே, பிறகு மூத்தவர் எழுந்து 'கடவுள் துணை' என்றால்தானே கிளம்பலாம். அவர் எழவில்லை. எழுந்தால் போய்விடுவாளே... எழாவிட்டால் போகமாட்டாள் என்று எந்த மடையன் சொன்னான்? 'போகாதே' என்று ஒரே சொல், நாக்கு நுனிவரை வந்தது, பழக்கதோஷம், விழுங்கிவிட்டார். உலகத்தில் அவரளவு சத்தமில்லாமல் உட்காரத் தெரிந்தவன் யார்? அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள், கடைசியில் தானே எழுந்தாள். "எழுந்துக்கவும் மாட்டேங்கற, இருன்னு சொல்லவும் மாட்டேங்கற, வென்யா. மாஸ்கோல அக்கா வீட்டுல பேச்சுச் சத்தமாவது கேக்கும்." திரும்பி வருகிற பயணமில்லை அது, இருவருக்குமே தெரியும். கதவு சாத்திய பிறகு வீடு எவ்வளவு பெரிதாகிப்போனது, பயந்துதானே இந்தச் சோதனைச்சாலைக்கு ஓடிவந்தார்...

இப்போதும் போகலாம், தெருமுனையில் வண்டி கிடைக்கும், நடைமேடையில் நின்று சொல்லிவிடலாம், சொல்ல வருமா? முதலில் வாய் திறக்கிறதா என்று பார்க்க வேண்டாமா? மேலங்கியில் ஒரு கையை நுழைத்தபடியே இரண்டு கதவுகளையும் திறந்துகொண்டு உள்ளே போனார், இத்தனை வருஷத்தில் முதல்முறையாக.

"போகாத, ஸினா," என்றார். கரகரத்து, யாருடையதோ போல வந்தது. புஷோக் காதை மடக்கிக்கொண்டு, வார் இறுகும்வரை பின்வாங்கி, பல்லைக் காட்டி உறுமியது. "நான்தாண்டா," என்று ஓர் அடி முன்னே வைத்தார், அது இன்னும் ஒடுங்கியது. மேலங்கியின் மறுகை தொங்க அப்படியே நின்றார். நேரமாகிறது, போக வேண்டும்... ஆனால் இந்தக் குரலை ஸினாவுக்காவது தெரியுமா?