எந்தக் காலைத் தாங்கி நடந்தார்?

இன்ஷூரன்ஸ் கம்பெனியில் எனக்குச் சந்தேகப்படுகிற வேலை. விபத்தில் முதுகு போய்விட்டது என்று நஷ்டஈடு கேட்பவர் மொட்டை மாடியில் தண்ணீர் வாளி தூக்குகிறாரா என்று எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். இதனால் எனக்கு நண்பர்கள் குறைவு. இருக்கிறவர்களும் என் எதிரில் இருமுவதில்லை.

என்னை மெச்சுகிற ஒரே ஆள் என் மாமனார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்க்காமல் நம்ப மாட்டார். என் கல்யாணப் பத்திரிகையையே வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தவர்.

அவர்தான் போன் செய்தார். "மாப்ள, ஞாயித்துக்கெழம அந்த விழாவுக்கு நீங்க கண்டிப்பா வரணும். சின்னவ கட்டிக்கறேன்னு நிக்கிறாளே, அந்தச் சிப்பாய் அங்க இருப்பாரு."

"நான் எதுக்கு மாமா?"

"சண்டையில வலது கால் போச்சுங்கறாரு. போகட்டும், ஒரு வாரம் பேசாம இருந்துட்டு மனச தேத்திக்கிட்டேன். ஆனா ஆளு எதையோ மறைக்கிறாரு மாப்ள. எத்தன ஆயிரம் மூஞ்சி பாத்திருப்பேன், பெஞ்சுக்கடியில ஒளியறவன் முழி எனக்குத் தெரியாதா? நீங்க பாத்துச் சொல்லுங்க. நீங்க வேணாம்னா வேணாம்."

இப்படியாக என் மச்சினியின் கல்யாணம் என் மூக்கின் நுனியில் வந்து உட்கார்ந்தது.

கிளம்பும்போது மனைவி சொன்னாள்: "அது என் தங்கச்சி வாழ்க்கை. உங்க ஆபீஸ் மூஞ்சிய வீட்டுலயே கழட்டி வெச்சுட்டு வாங்க." முயன்றேன். அது பிறவியிலேயே ஒட்டியது போலிருக்கிறது.

போரில் காயம்பட்ட வீரர்களுக்கு நிதி திரட்டும் குடும்ப விழா. ஒரு பள்ளி மைதானம் முழுக்க பலூனும் சாக்கு ஓட்டமும் ஐஸ்கிரீம் ஒழுகும் குழந்தைகளுமாக இருந்தது. மரத்தடியில் ஒரு மேஜை, உண்டியல், ஸ்டிக்கர் கட்டுகள். அதன் பின்னால் நம் சிப்பாய் வலது பேன்ட் காலை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உண்டியலில் போடுகிற குழந்தை அவருடைய செயற்கைக் காலில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாம். அது ஏற்கெனவே லாரியின் பின்பக்கம் போல ஆகியிருந்தது.

என் மகள் சில்வண்டு கையை உதறிக்கொண்டு ஓடினாள். "சித்தப்பா! எனக்கு ஆமை!"

சித்தப்பாவா? யார் சொல்லிக் கொடுத்தது? சாட்சியைக் கலைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொண்டேன்.

மச்சினி பக்கத்தில் நின்று ஸ்டிக்கர் கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிசியோதெரபிஸ்ட். அங்கேதான் இவரைப் பார்த்தது, பழகியது எல்லாம்.

"வாங்க அத்தான். அப்பா அனுப்பிச்சாரா, தானா வந்தீங்களா?"

"குழந்தைக்காக வந்தேன்மா."

"அந்தக் குழந்தைய அவர் மடியில விட்டுட்டு நீங்க அவரு ஷூவப் பாக்கறீங்க."

சிப்பாய் எழுந்து கை கொடுத்தார். நல்ல பிடி. நல்ல சிரிப்பு. இரண்டுமே சந்தேகத்துக்கு உரியவை. தண்ணீர் எடுக்கப் போனார். வலது காலைத் தாங்கித் தாங்கி நடந்தார். சரியாகத்தான் இருந்தது. எனக்கு லேசான ஏமாற்றம்கூட.

சாப்பாட்டுக்குப் பிறகுதான் அதைப் பார்த்தேன். மேடைப் பக்கம் போன சிப்பாய் இப்போது இடது காலைத் தாங்கி நடந்தார்.

எனக்கு உடம்பு சிலிர்த்தது. எங்கள் தொழிலில் இதற்கு மிஞ்சிய சந்தோஷம் கிடையாது. நிஜ வலி கால் மாறாது. பொய் வலிக்காரன்தான் காலையில் எந்தக் காலை நொண்டினோம் என்று மத்தியானம் மறந்துவிடுவான். இந்த ஒரு விதியை வைத்தே நான் பதவி உயர்வு வாங்கியிருக்கிறேன். செயற்கைக் கால் வெறும் கூடாக இருக்குமோ? நிஜக் காலை உள்ளே மடக்கி வைத்திருப்பாரோ? அந்த முழங்காலின் அகலத்தை மனதுக்குள் அளந்துகொண்டே, மேடைக்குப் பின்னால் அவர் மறைந்த பக்கம் பதுங்கிப் போனேன். சில்வண்டு கொடுத்துவிட்டுப் போன பலூன் கொத்து ஒன்று கையில் இருந்ததால் பதுங்கல் அவ்வளவாக எடுபடவில்லை.

திரைக்குப் பின்னால் இரண்டு கால்கள் சுவரோரமாகச் சாய்ந்து நின்றன. ஒன்றில் ஆமையும் பூவும் ராக்கெட்டும். இன்னொன்று வெறுமையாக, துடைத்துவிட்டதுபோல. இரண்டும் சாக்ஸ், ஷூவோடு, யாரோ பாதி ஆள் மட்டும் எழுந்து போனது மாதிரி. சிப்பாய் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்திருக்க, மச்சினி அவருடைய இடது முழங்காலுக்குக் கீழே பவுடர் போட்டுக்கொண்டிருந்தாள். தோல் உரிந்து சிவந்திருந்தது.

ஒரு பலூன் வெடித்தது. நல்ல சமயம் பார்த்து.

"வெளிய வாங்க அத்தான்," என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலேயே.

"ரெண்டும்..." என்றேன்.

"ரெண்டுமே கடையில வாங்கினதுதான் சார்," என்றார் சிப்பாய். "காலையில வலது கடிக்கும். வெயில் ஏறினா இடதுக்குப் பொறாமை வந்துரும்."

"பின்ன ஏன் ஒண்ணுன்னு சொன்னீங்க?"

மச்சினி பவுடர் டப்பாவை மூடினாள். "நான்தான் அப்படிச் சொல்லச் சொன்னேன். ஒரு காலுக்கே அப்பா ஒரு வாரம் பேசல. தாலி கட்டினப்புறம் இன்னொண்ண சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"தவணையிலயா?"

அவள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "போய்ச் சொல்லுங்க. அதுக்குத்தானே வந்தீங்க."

எத்தனையோ கிளெய்ம் பார்த்தாயிற்று. சுண்டு விரலைக் கையாக்கினவர்கள், கையை ஆளாக்கினவர்கள். போனதைக் குறைத்துச் சொன்ன மனிதரை அன்றுதான் பார்க்கிறேன். அதற்கு எங்கள் ஆபீஸில் விதியே கிடையாது. மிச்சமிருந்த பலூன்களை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

மரத்தடியில் மாமனார் காத்திருந்தார். "என்ன மாப்ள? மறைக்கிறாரா இல்லையா?"

"மறைக்கிறாரு மாமா."

அவர் முகம் மலர்ந்தது. உடனே, அது தன் மகள் விஷயம் என்று ஞாபகம் வந்து வாடியது. "எனக்குத் தெரியும். என்னது?"

"அவரே சொல்லட்டும். நான் சொன்னா அது ரிப்போர்ட் ஆயிடும்."

சிப்பாய் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். மச்சினி பின்னால் நின்றாள். சில்வண்டு சுறுசுறுப்பாக ஆமைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். "சித்தப்பா, இந்தக் கால்ல எடமே இல்ல."

அவர் என்னைப் பார்த்தார். மாமனாரைப் பார்த்தார். பிறகு குனிந்து, நிதானமாக, இடது பேன்ட் காலைச் சுருட்டினார்.

"ஹை! புதுசு!" என்றாள் சில்வண்டு.

மாமனார் வெகுநேரம் அந்தக் காலையே பார்த்தார். பிறகு மகளை. "உனக்குத் தெரியுமா?"

"அதுல அவர நடக்கப் பழக்கினதே நான்தாம்பா."

"அப்ப எனக்கு மட்டும்தான் பாதி டிக்கெட்." சிப்பாயிடம் திரும்பினார். "இன்னும் ஏதாவது இருக்கா?"

"இல்லீங்க. மீதியெல்லாம் ஒரிஜினல்."

யாரும் சிரிக்கவில்லை. மாமனார் என்னைப் பார்த்தார். "மாப்ள, நீங்க என்ன சொல்றீங்க?"

"போனதுக்குக் குறைச்சலா கேட்டிருக்காரு மாமா. முழுசா குடுத்துரலாம்."

மாமனார் மேஜைமேல் இருந்த கட்டிலிருந்து ஒரு ஸ்டிக்கரைக் கிழித்தார். யானை. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். முன்பக்கம் பார்த்தார், திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். அப்புறம் முழங்கால் வலிக்க வலிக்க, அந்த இடது காலுக்கு முன்னால் மண்ணிலேயே மெதுவாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தாத்தா, உண்டியல்ல போட்டுட்டுத்தான் ஒட்டணும்," என்றாள் என் மகள். அவளுக்கும் அந்தப் பார்வை வந்துவிட்டது.