மெதுவாய் மிதிக்கவேண்டிய வெள்ளிக்கிழமை

புதன்கிழமை மிதிவண்டிப் பயிற்சியில் பெர்லெய் தன்னை ஒன்றே முக்கால் நிமிடம் பின்தள்ளியதை எலாதியோவால் செரிக்க முடியவில்லை. முப்பத்து நான்கு வயதுக் கால்களால் அந்த இடைவெளியை ஈடுகட்ட இயலாது என்பதை அவன் அறிவான். துயித்தாமா நகர அணியில் மிஞ்சியிருந்தது ஒரே ஓர் இடம். ஞாயிறன்று சார்சால் மேட்டுப் பந்தயத்தில் இருவரில் யார் முந்துகிறாரோ அவருக்கே அது. அது கிட்டாவிட்டால், உருளைக்கிழங்கு மூட்டை சுமக்கும் பழைய பிழைப்புக்குத்தான் அவன் திரும்பவேண்டும். பெர்லெய்க்கோ இருபத்தொரு வயது. கீழே விழுந்து முறிந்த காறையெலும்பு கூடி ஏழு வாரமே ஆகியிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பயிற்சியாளர் தெயோதுல்ஃபோ இருவரையும் நிறுத்திச் சொன்னார்.

"இன்னைக்கு ரெண்டு மணி நேரம், சமதரை மட்டுந்தான். நாடி நூத்திப்பத்தைத் தாண்டக் கூடாது. நாளைக்குப் படுத்துக் கெடங்க. எலாதியோ, நீ பெரியவன். இவனைப் பாத்துக்க."

"சரிங்கய்யா," என்றான் எலாதியோ.

அவன் ஏரிக்கரைச் சாலையைத் தேர்ந்தெடுத்தான். வெள்ளிதோறும் பல் மருத்துவர் கான்சினோவும் அவருடைய நண்பர்களும் விலையுயர்ந்த மிதிவண்டிகளில் அவ்வழியே செல்வது வழக்கம். எட்டரை மணிக்கு அவர்கள் பின்னாலிருந்து வந்தார்கள். தொந்தி தொடையில் இடிக்க மிதித்துவந்த மருத்துவர், "ஓரம் போங்கப்பா, ஓரம்! சாம்பியனுங்க தூங்கறாங்களா?" என்று கூவியபடி கடந்து சென்றார்.

பெர்லெயின் காது சிவந்தது.

"விட்டுத்தள்ளு தம்பி," என்றான் எலாதியோ, மிகக் கனிவாக. "எலும்பு முறிஞ்சவனுக்குக் கொஞ்சம் பயம் இருக்கத்தான் செய்யும்."

"பயமா? எனக்கா?"

"நான் சொல்லலப்பா. ஊருல பேசிக்கிறாங்க. கீழ விழுந்ததுலேருந்து அந்தப் பையன் பெண்டாட்டியைக் கட்டிப் புடிக்கிற மாதிரி வண்டியைப் புடிச்சுக்கிட்டு ஓட்டறானாம்."

அதற்குமேல் ஒரு சொல்லும் தேவைப்படவில்லை. பெர்லெய் இருக்கையிலிருந்து எழுந்து நின்று மிதித்தான், மருத்துவரைத் தாண்டினான், தாண்டியதும் நில்லாமல் ஏரிக்கப்பாலிருந்த குன்றின்மேலும் ஏறினான். எலாதியோ தன் நாடியை நூற்று நான்கில் வைத்துக்கொண்டு, கொய்யா அல்வாவைக் கடித்தபடி, நிதானமாகப் பின்தொடர்ந்தான்.

சனிக்கிழமை காலையில், தானே பெர்லெயின் வீட்டுக்குச் சென்றான்.

"கால் கனமா இருக்கா?"

"ஆமாண்ணே. கல்லு மாதிரி இருக்கு."

"நேத்து அவ்வளவு வேகமா ஓட்டிட்டுச் சும்மா படுத்தா அப்படியே எறுகிப் போகும். இன்னொரு தடவை மேடு ஏறிக் கரைச்சுடு. ஐயாகிட்ட சொல்லாத, திட்டுவாரு."

"நீங்க இருக்கறதாலதாண்ணே எனக்குத் தைரியம்," என்று சொல்லிவிட்டுப் பெர்லெய் காலணியை மாட்டிக்கொண்டான்.

ஞாயிறன்று ஆறாம் கிலோமீட்டரில் அவனுடைய கால்கள் செத்துப்போயின. எலாதியோ உடனே விலகிச் செல்லவில்லை. நூறடி தூரம் அருகிலேயே மிதித்து, அந்த முகம் வெளுப்பதையும் வாயோரம் நுரை தள்ளுவதையும் கண்ணாரப் பார்த்தான். "வா தம்பி, வா!" என்று உரக்க ஊக்கமும் கொடுத்தான். பிறகே போனான்.

பெர்லெய் நான்கு நிமிடம் கழித்து உச்சிக்கு வந்து, வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தான். தெயோதுல்ஃபோ அவன் தொடையை அழுத்திப் பார்த்தார்.

"இது ஓய்வெடுத்த காலா? வெள்ளிக்கிழமை என்னடா பண்ணின?"

பெர்லெய் எலாதியோவை நிமிர்ந்து பார்த்தான்.

"அண்ணன் மேல தப்பில்லைங்கய்யா. நான்தான் ஓட்டினேன். நேத்தும் ஏறினேன்."

பயிற்சியாளர் எலாதியோவின் பக்கம் திரும்பினார். "நீ தடுக்கலையா?"

"எவ்வளவோ சொன்னேங்கய்யா. காதுல வாங்கல."

"சொன்ன பேச்சு கேக்காதவன் எனக்கு வேணாம். இந்த வருஷமும் வேணாம், எந்த வருஷமும் வேணாம். அணிச் சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போடா."

கழற்ற முயன்றபோது பெர்லெயின் இடக்கை தோளுக்குமேல் உயரவில்லை. எலாதியோ அருகில் சென்று, வலிக்காதபடி, ஈரச் சட்டையை மெல்ல உருவியெடுத்தான்.

"ரொம்ப நன்றிண்ணே," என்றான் பெர்லெய்.

எலாதியோ சட்டையை மடித்துப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, அடுத்த பந்தயம் எந்தத் தேதியில் என்று கேட்டான்.