கவுனைப் பிடித்த குண்டூசிகள்

உலோகம் எதுவும் உள்ளே வரக்கூடாது என்ற அறிவிப்பைச் சுவரில் நிறுத்திவைத்திருந்த நான்கு குண்டூசிகளில் மூன்றை உருவி, தான் உடுத்தியிருந்த கவுனில் குத்திக்கொண்டார் தையல்காரர். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. முதுகுவலிக்கு ஸ்கேன் எடுக்க வந்தவருக்குக் கொடுத்த அந்தக் கவுனுக்குள் இன்னொருவரும் குடித்தனம் நடத்தலாம். ஊரார் சட்டையையெல்லாம் அளவாகப் பிடித்துக்கொடுத்த கை, தன் தோளில் ஒன்று தொளதொளவென்று தொங்கினால் சும்மா இருக்குமா? தோளில் ஒன்று, இடுப்பில் இரண்டு. கண்ணாடியில் பார்த்தால் நோயாளி மாதிரியே தெரியவில்லை. அதில் ஒரு திருட்டு சந்தோஷம்.

வாசலில் சோதனைக் கருவி கீச்சிட்டது. ஸ்கேன் எடுக்கும் பெண் அவரையும், ஒற்றை ஊசியில் ஊசலாடிய அறிவிப்பையும் மாறிமாறிப் பார்த்தாள்.

"உள்ள இருக்கிறது பெரிய காந்தம் சார். இது பறந்து எங்க குத்தும்னு சொல்லவே முடியாது."

"நல்லதும்மா, வலிக்கு ஒரு காரணமாவது கிடைச்சிருக்கும்."

அவள் சிரித்தபடியே ஊசிகளை எடுத்தாள். அவர் உள்ளே போகத் தயங்குவதைப் பார்த்து, குளிர்தான் காரணம் என்பதுபோல ஒரு போர்வையும் கொடுத்தாள்.

அவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் முதுகுவலியில் ஆரம்பித்தது. பிடிப்பு என்று தைலம் தேய்த்தே நாளைக் கடத்தினார்கள். எலும்பில் புற்றுநோய் என்று தெரிந்தபோது அண்ணன் படுத்த படுக்கை. இந்த பயத்தைத் தையல்காரர் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. ரத்தம் எடுத்தவரைச் சுற்றிவளைத்துக் கேட்டால் எக்ஸ்ரே வரட்டும் என்றார்; எக்ஸ்ரே எடுத்தவர் ஸ்கேன் வரட்டும் என்றார்; இந்தப் பெண்ணோ, எல்லாம் டாக்டர் சொல்வார் என்று நழுவிவிட்டாள்.

டாக்டர் படத்தைத் திரையில் போட்டு, வயது, தேய்மானம் என்று இழுத்தார். தையல்காரர் நடுவில் புகுந்து குண்டூசிக் கதையை எடுத்துவிட்டார். டாக்டர் விழுந்து விழுந்து சிரித்து, மாத்திரை எழுதப் பேனாவைத் திறந்தார்.

கூடவே வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி, மடியிலிருந்த பையை மேசைமேல் வைத்தாள்.

"இவரு பேசிக்கிட்டேதான் இருப்பாரு டாக்டர், கேக்க மாட்டாரு. இவரோட அண்ணனுக்கு வந்தது இவருக்கும் வந்திருக்கா? அத நெனச்சுத்தான் தூங்காம புரளுறாரு."

டாக்டர் பேனாவை மூடிவிட்டு, தையல்காரர் பக்கமாக நாற்காலியைத் திருப்பினார்.

"இல்லங்க. கட்டி எதுவும் இல்ல, புத்துநோய் இல்ல. குனிஞ்சே தைச்சு தைச்சு, எலும்புக்கு நடுவுல இருக்கிற ஜவ்வு பிதுங்கி நரம்ப அழுத்துது. வலி அதனாலதான்."