இராயப்பரைத் தெரியாதவர்கள்

கஸ்பரின் அகதிக் கோரிக்கையை நிராகரித்து வந்த கடிதம் பதினொரு பக்கம். ஐந்தாம் பக்கத்துக்கு வந்ததும் மெற்றில்டாவுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

"நீர் மன்னாரில் கத்தோலிக்கக் கோயில் ஒன்றில் வேதம் படிப்பிக்கும் உபதேசியாராக இருந்ததாகச் சொல்கிறீர். இயேசுவின் அப்போஸ்தலர்கள் எவ்வாறு இறந்தார்கள் என்று கேட்டபோது, இராயப்பர், அருளப்பர், சந்தியோகுமையோர் என்று கிறிஸ்தவ மரபில் எங்குமே இல்லாத ஆட்களைப் பற்றிப் பேசினீர். ஆகவே நீர் உபதேசியார் என்பதை நம்புவதற்கில்லை."

இங்கிலிசில் இருந்ததை அவள் தம்பிக்குத் தமிழில் சொன்னாள். கஸ்பர் லண்டன் எட்மண்டனில் இருந்த வீட்டின் குசினிக்குள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு நின்றான். வலது கையில் மூன்று விரல்கள் மடங்காது. கத்தியை இடது கையில்தான் பிடிப்பான்.

"பீற்றர், ஜோன், ஜேம்ஸ் எண்டு சொல்லியிருக்கலாமேடா!"

"எனக்கு இராயப்பரைத் தானே அக்கா தெரியும்."

"மொழிபெயர்த்தவன் ஆர்?"

"ஒரு சைவப் பெடியன், வேதக்காரன் இல்லை. நல்ல பெடியன். தண்ணி வேணுமோ எண்டெல்லாம் கேட்டவன்."

"தண்ணியைக் கேக்கத் தெரிஞ்சவனுக்கு, இராயப்பர் ஆர் எண்டு கேக்க வாய் வரேல்லையோ?"

கஸ்பர் அடுத்த கத்தரிக்காயை எடுத்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. லண்டனுக்கு வந்து ஒன்றரை வருசம். ஒரு நாளாவது அவன் சத்தம் போட்டதில்லை. ஊரில் நடந்ததைக்கூட யாருக்கோ நடந்தது போலத்தான் சொல்வான்.

நடந்தது இதுதான். கோயிலுக்குள் தஞ்சம் புகுந்திருந்த சனத்திடம் சண்டைக்குப் பிள்ளை பிடிக்க ஆயுதக்காரர் வந்தார்கள். பங்குச் சாமியார் வாசலில் நின்று மறித்தார். கஸ்பர் ஓடிப்போய் மணியை அடித்தான். சனம் நாற்பத்தேழு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பின்பக்கத்தால் காட்டுக்குள் பாய்ந்து தப்பியது. சாமியாரை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மணிக்கயிற்றைப் பிடித்த கையைக் கல்லில் வைத்துத் துவக்குப் பிடியால் குத்தினார்கள். நாலாம் நாள் சாமியாரின் உடல் குளக்கட்டில் கிடந்தது. யார் வந்தது, யார் கொண்டு போனது என்று கஸ்பர் ஆயரிடம் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகு அவனால் ஊரில் இருக்க முடியவில்லை.

இவ்வளவையும் சொன்னவனிடம் அந்த அதிகாரி கேட்டது, அப்போஸ்தலர் எப்படிச் செத்தார்கள் என்று. அவனும் நல்ல பிள்ளையாக ஒப்புவித்திருக்கிறான்.

மெற்றில்டா அடுத்த நாளே பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, ரெய்னர்ஸ் லேனில் இருந்த சட்டத்தரணி ஜெயகௌரியிடம் போனாள். முப்பது வயசுப் பிள்ளை; சைவக்காரி.

"அன்ரி, எனக்கும் இந்தப் பேருகள் தெரியாது," என்றாள் ஜெயகௌரி.

"தெரியாட்டிக் குற்றமில்லைப் பிள்ளை. தெரியாமலே ஆளில்லை எண்டு எழுதினதுதான் குற்றம்."

ஜெயகௌரி அப்பீல் போட்டாள். மெற்றில்டா எட்மண்டன் பங்குச் சாமியாரிடமும் மன்னார் ஆயரிடமும் கடிதம் வாங்கினாள். ஒரு தாளில் பன்னிரண்டு பேரின் தமிழ்ப் பெயரையும் அதற்கு நேரே இங்கிலிஸ் பெயரையும் எழுதினாள்.

2008 நவம்பரில் வழக்கு. சின்ன அறை. நரைத்த தலையோடு ஒரு பெண் நீதிபதி. குடிவரவுப் பக்கத்துக்கு ஒரு இளம் வக்கீல். சாட்சி சொல்ல ஏறிய மெற்றில்டா தாளை நீட்டினாள்.

"மேடம், இராயப்பர்தான் பீற்றர். ரோமையில தலைகீழாச் சிலுவையில அறைஞ்சது. சந்தியோகுமையோர்தான் ஜேம்ஸ். ஏரோது ராசா வாளால வெட்டினவன். அருளப்பர்தான் ஜோன். கொதிக்கிற எண்ணெய்க்குள்ள போட்டும் சாகேல்லை. தோமையாரை மைலாப்பூரில ஈட்டியால குத்தினது. எங்கட ஊரில மூண்டாம் வகுப்புப் பிள்ளையும் சொல்லும். உங்கட ஆள் ஒரு கேள்வி கேட்டிருந்தா நாங்கள் இண்டைக்கு இஞ்ச நிக்கத் தேவையில்லை."

"கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்," என்றார் நீதிபதி. ஆனால் தாளை வாங்கி, மேலிருந்து கீழாக விரல் வைத்துப் படித்தார்.

பிறகு கஸ்பரின் முறை. இளம் வக்கீல் பெயர்களை விட்டுவிட்டான். வேறு வழியால் வந்தான்.

"உபதேசியார் என்றே வைத்துக்கொள்வோம். பீற்றர்கூடத் தன் உயிருக்குப் பயந்து, இயேசுவைத் தெரியாது என்று மூன்று தரம் மறுதலித்தார் இல்லையா? நீங்களும் ஒன்றும் எழுதிக் கொடுக்காமல், வேறு ஊரில் பேசாமல் இருந்திருக்கலாமே?"

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் சொல்லி முடித்தார். கஸ்பர் எழும்பினான். அந்த நொறுங்கிய கையாலேயே மேசையில் அடித்தான்.

"ஓம், மறுதலிச்சவர்! அதை மட்டும் ஞாபகம் வைச்சிருக்கிறியள்! பிறகு விக்கி விக்கி அழுதாரே, அது? அதுக்குப் பிறகு ஒரு நாளாவது வாயை மூடினவரோ? மூடியிருந்தா ஆர் அவரைச் சிலுவையில அறையப் போறாங்கள்? பேசாம இருந்திருந்தா பன்னிரண்டு பேரும் கிழடாகித்தான் செத்திருப்பினம்! எங்கட சாமியாரும் வாசலை விட்டு விலகியிருந்தா உயிரோட இருந்திருப்பார். நாற்பத்தேழு பிள்ளையள் இருந்திருக்காது!"

அவனுடைய குரல் கிழிந்து வந்தது. மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். இத்தனை நாளும் மெற்றில்டா தனக்கு மட்டும்தான் கோபம் என்று நினைத்திருந்தாள். தம்பி அதை விழுங்கி விழுங்கி வைத்திருந்திருக்கிறான்.

"வேறு கேள்வி இல்லை," என்றான் வக்கீல்.

ஆறு கிழமை கழித்துத் தீர்ப்பு வந்தது. அப்பீல் வெற்றி. கையின் வைத்திய அறிக்கையும் ஆயரின் கடிதமும் ஏற்கப்பட்டிருந்தன. பெயர்களைப் பற்றி ஒரே ஒரு வசனம்: "மொழிபெயர்ப்பில் ஏற்பட்ட ஒரு சிறு தெளிவின்மை."

மெற்றில்டா ஜெயகௌரிக்குப் போன் எடுத்தாள்.

"சிறு தெளிவின்மையோ? மன்னிப்பு எண்டு ஒரு சொல் இருக்கோ இதில?"

"அப்பிடி ஒருத்தரும் எழுதமாட்டினம் அன்ரி. வெண்டிட்டம், அதைப் பாருங்கோ."

கஸ்பர் அந்தச் சனிக்கிழமையே எட்மண்டன் கோயிலில் பிள்ளைகளுக்கு ஞானோபதேசம் படிப்பிக்கப் போனான். மெற்றில்டா வீட்டில் இருந்து குடிவரவுக் காரியாலயத்துக்கு முறைப்பாடு எழுதினாள். நாளைக்கு இன்னொரு உபதேசியார் வந்து அதே கதிரையில் இருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாள். பன்னிரண்டு பெயர்களையும் மறுபடி எழுதி இணைத்தாள்.

மூன்று மாதத்துக்குப் பிறகு இரண்டு வரியில் பதில் வந்தது. அவளுடைய கருத்து கவனத்தில் எடுக்கப்பட்டதாம். யாருடைய கவனத்தில் என்று கேட்டு அவள் அன்றைக்கே இரண்டாவது கடிதம் எழுதினாள்.