ஏழாம் நம்பர் மலையின் புல்

விசாரணை அதிகாரி தியாகராஜா கண்டியிலிருந்து மூன்று பொருட்களோடு வந்தார். ஒரு ஃபைல், ஒரு குடை, ஓர் ஏணிப் படம். ஏணிப் படம்தான் முக்கியம். வாவியைப் பார்த்த ஹோட்டல் ஒன்றில் கம்பனி நடத்திய இரண்டு நாள் ‘விமர்சனச் சிந்தனை’ப் பயிற்சியில், சான்றிதழோடும் பகல் புரியாணியோடும் சேர்த்துக் கொடுத்தது. உச்சிப் படியில் எழுத்து ஆவணம். அடுத்தது பொருட்சான்று. பிறகு அதிகாரியின் சாட்சியம். அதற்குக் கீழே மற்றவர் பேச்சு. ‘அதிகாரியின்’ என்ற சொல் மட்டும், லெமினேட் செய்வதற்கு முன் அவரே பேனையால் சேர்த்தது. எழுதியவர் யார், ஏன் எழுதினார் என்று கேட்காமல் எந்தப் படியையும் நம்பக்கூடாது என்று பயிற்சியில் சொன்னது இரண்டாம் நாள் பின்னேரம். அவர் அப்போது தேநீர் இடைவேளையை நீட்டிக்கொண்டிருந்தார்.

ஹுன்னஸ்கிரியவுக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டத்து ஆபீஸ். மேசையில் ஒரு கல். அதில் ‘சான்று 1’ என்று துண்டு ஒட்டியிருந்தது. எதிரே, இடது கண் இன்னும் பாதி வீங்கிய நிலையில் ஜெயராணி நின்றாள்.

பத்து நாளுக்கு முன் ஏழாம் நம்பர் மலையில் கொழுந்து பறித்த ஏழு பேரைக் குளவி கொட்டியது. அவளும் அதில் ஒருத்தி. வெளிக்கள உத்தியோகத்தர் வீரசிங்கம் எழுதிக் கொடுத்த வாக்குமூலம் இரண்டே வரி: கூடு இருந்தது எனக்குத் தெரியாது, ஜெயராணி கல்லெறிந்து கூட்டைக் கலைத்ததை ரோட்டிலிருந்து என் கண்ணால் கண்டேன். குற்றம் உறுதியானால் தொழிலாளர் பெயரேடான செக்ரோலில் பெயர் வெட்டுவார்கள். பெயர் போனால் தோட்டம் கொடுத்த லயக் காம்பராவும் போகும். இரண்டு பிள்ளைகளோடு அவளுக்கு வேறு கூரை கிடையாது. தியாகராஜாவின் ஃபைலுக்குள் தீர்ப்பு ஏற்கெனவே தட்டச்சாகித் தயாராக இருந்தது. திகதி மட்டும்தான் பாக்கி.

“இந்தக் கல்லை நீர் எறிஞ்சனீரோ?”

“மலை பூராவும் கல்லுதாங்க. இந்தக் கல்லுன்னு அதுலயே எழுதியா இருக்கு?”

“சான்று ஒண்டு எண்டு எழுதியிருக்கு.”

“அத எழுதினது நீங்க.”

தியாகராஜா கல்லைச் சற்றுத் திருப்பி வைத்தார்.

“கூட்டுக்குக் கீழ நின்னுகிட்டு அதுக்கே கல்லெறிய எனக்கென்ன கிறுக்கா?” என்றாள் ஜெயராணி. “அன்னைக்குக் காலையில வேலை பிரிக்கயில இந்த வீரசிங்கம் ஐயாகிட்ட ரெண்டு தடவ சொன்னேன், மரத்துல கூடு தொங்குதுன்னு.”

மேசைக்குப் பக்கத்தில் இருந்த வீரசிங்கம் கதிரையில் சாய்ந்து சிரித்தார். “சொல்லியிருந்தா மலைப் புத்தகத்துல எழுதியிருப்பேன், சேர். எழுதாம விடுற ஆளா நான்?”

மலைவாரியாக வேலையைக் குறிக்கும் அந்தப் புத்தகம் திறந்தது. ஏழாம் நம்பருக்கு நேரே ‘குறிப்பு’ என்ற பத்தி ஆறு வாரமாக வெறுமை. தியாகராஜா அந்த வெறுமையை விரலால் தடவிப் பார்த்தார்.

“ஒண்டும் இல்லை. எழுத்து ஆவணம். உச்சிப் படி.”

“எழுத்தே இல்லையேங்க.”

“எழுத்து இல்லாததும் எழுத்துச் சான்றுதான்” என்றார். பயிற்சியில் யாரும் இதைச் சொல்லித் தரவில்லை. சொந்தக் கண்டுபிடிப்பு.

புல்லுக்கு மருந்தடிக்கும் மூக்கையாவைக் கூப்பிட்டார்கள். கூட்டை முன்பே கண்டாரா என்று கேட்டதும் அவர் வீரசிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்.

“ஞாபகம் இல்லீங்க.”

“அவருக்கு இல்லாட்டி போகட்டும்” என்றாள் ஜெயராணி. “ஒன்றரை மாசத்துக்கு முந்தி அந்த மலை பூராவும் மருந்தடிச்சாங்க. எல்லா எடத்துலயும் புல்லு கருகிப்போச்சு. மரத்தச் சுத்தி மட்டும் முழங்கா ஒசரத்துக்கு நிக்குது. அங்க மட்டும் ஏன் அடிக்கல? எங்க அடி, எங்க விடுன்னு சொல்றது யாரு? இல்ல, நான் நேத்து போயி புல்லு நட்டு வச்சேனா?”

வீரசிங்கத்தின் சிரிப்பு நின்றது. தியாகராஜா ஏணியை மேலிருந்து கீழாகத் தேடினார். புல் எந்தப் படியிலும் இல்லை.

“புல் கையெழுத்து வைக்காது.”

“வெசாரணைக்குன்னு அது வளரலீங்க. பொஸ்தகம் அப்படியா?”

“சரி, சாப்பிட்டிட்டுப் போய்ப் பாப்பம்.”

கோழிக்கறி இரண்டாம் முறை வந்தபோது வீரசிங்கம் போனோடு வெளியே போய்விட்டு வந்தார்.

பின்னேரம் எல்லோரும் மலைக்குப் போனார்கள். வீரசிங்கம் புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கருகிய மண்ணின் நடுவே, மரத்தைச் சுற்றி வட்டமாக, பச்சையாகப் புல். ரோட்டோரத்தில் கத்தியோடு மூக்கையா.

“இங்க என்ன செய்யிறீர்?”

“புல்லு வெட்டச் சொன்னாங்க.”

“ஆர்?”

“இந்த ஐயாதான். சேர் வர்றதுக்குள்ள வெட்டிப் போடுன்னு போன் பண்ணினாரு. கூடு இன்னும் தொங்குது. ‘குளவி இருக்கு, மரத்த விட்டுட்டு அடி’ன்னு அன்னைக்குச் சொன்னவரும் இவருதான். மருந்து டாங்கியோட போகக்கூடாத எடத்துக்குக் கத்தியோட போகலாமா?”

“மூக்கையா, வாய மூடு!”

“காலையில மூடினது பத்தாதா?”

“சேர், இது வெறும் பேச்சு” என்றார் வீரசிங்கம். “உங்க படத்துல கடைசிப் படி.”

தியாகராஜா ஏணிப் படத்தை எடுத்துக் கடைசிப் படியைப் பார்த்தார். அதைக் கண்டு ஜெயராணிக்கு எரிச்சல் தலைக்கேறியது.

“அப்படின்னா கிட்டப் போய்ப் பாருங்க, ஐயா. பொஸ்தகத்துல குளவி இல்லையே. உச்சிப் படிச் சான்று. நம்பிப் போங்க.”

அவர் ஓரடி வைத்தார். மரத்திலிருந்து ஒரே ஒரு குளவி விசாரிக்க வந்தது. தியாகராஜா ஏணிப் படத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜீப் வரைக்கும் ஓடினார். அந்தப் படம் அன்று செய்த முதல் உருப்படியான வேலை அது.

வீரசிங்கமும் வந்து சேர, ஜெயராணி ஜீப்புக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “கூட்டப் பத்தி இவரு சொன்னது பொய்யின்னு ஆச்சு. கல்லப் பத்திச் சொன்னதும் அதே வாயிதான். வேற யாரு பார்த்தா?”

வேறு யாரும் பார்க்கவில்லை. தியாகராஜா ஃபைலைத் திறந்து, ‘நிரூபிக்கப்பட்டது’ என்பதை வெட்டி ‘நிரூபிக்கப்படவில்லை’ என்று எழுதி, திகதி போட்டார். வருத்தம் என்று ஒரு சொல்லும் சொல்லவில்லை.

“நீர் போகலாம்.”

“எழுத்துத்தான் ஒசத்தின்னீங்க. எனக்கொரு பிரதி வேணும். அப்புறம் அந்தப் பொஸ்தகம்.”

“அதுக்கென்ன?”

“வெறுமையா விட்ட பத்தியில குறுக்க ஒரு கோடு போட்டு ஒப்பம் வைங்க. இல்லாட்டி நாளைக்கே, ஒன்றரை மாசத்துக்கு முந்தின திகதி போட்டு, ‘அப்பவே எச்சரிச்சேன்’னு அதுல குளவி கூடு கட்டிரும்.”

வீரசிங்கம் கக்கத்தை இறுக்கினார். புத்தகத்தைப் பிடுங்க இரண்டு கையும் வேண்டியிருந்தது. தியாகராஜா ஏணிப் படத்தைக் கீழே போட்டார்.

கோடு நேராக வரவில்லை. அது கடைசிக் கட்டத்தைத் தொடும்வரை ஜெயராணி அங்கிருந்து நகரவில்லை.